கை கால் இல்லாத பொம்மையும் ஒரு விளக்கவுரையாரும்

விளக்கவுரையார் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மழை பெய்தால் நாமெல்லாம் ஜன்னலைத் திறந்து பார்ப்போம். அவர் ஜன்னலுக்கும் நமக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, மழை ஏன் பெய்கிறது என்று சொல்லுவார். கோயிலுக்குக் கூட்டிப்போனால் சாமியை மறைத்துக்கொண்டு சாமியைப் பற்றிப் பேசுவார். அன்றைக்கு அவருடைய முதுகுதான் நமக்குத் தரிசனம். கெட்டவரா? சத்தியமாக இல்லை. அடுத்தவரைப் பற்றிப் புறம்பேச மாட்டார். பேசுவதற்கு அவருக்கு நேரம் ஏது? ஒரே ஒரு குறைதான். நல்ல பொருள் ஒன்று கையில் கிடைத்துவிட்டால், அதை நமக்குக் காட்டாமல் இருக்கவும் அவரால் முடியாது, நம்மைப் பார்க்கவிடவும் முடியாது.

இந்த இனத்துக்குத் தென்காசிப் பக்கம் ஒரு தலைமைப் பீடம் உண்டென்றால், அதில் உட்காரத் தகுந்தவர் குற்றாலீஸ்வரன். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சர்வீஸில் இருந்த காலமெல்லாம் அவர் கேள்வி கேட்பார், எதிரே நிற்கிறவர்கள் "தெரியாதுய்யா" என்பார்கள். ரிட்டயர் ஆன மறுநாளே பார்த்தார், கேள்வி கேட்க ஆள் இல்லை. சரி, இனி பதில் மட்டுமாவது சொல்லிக்கொண்டிருப்போம் என்று முடிவு கட்டிவிட்டார். அதற்குத் தோதாக வந்து வாய்த்தது ஜப்பான்.

மகள் அபர்ணா கல்யாணமாகிப் புருஷனோடு ஜப்பானில் இருக்கிறாள். அவளுக்குப் பிரசவம் என்று குற்றாலீஸ்வரனும் அவர் மனைவி ஆனந்தவள்ளியும் போனார்கள். ஆனந்தவள்ளி பூண்டும் சுக்கும் பெருங்காயமுமாக ஒரு பெட்டியை அடைத்துக்கொண்டு போய், பத்தியச் சாப்பாடும் வெந்நீரும் பிள்ளையின் துணியுமாக அந்தச் சின்ன வீட்டுக்குள்ளேயே கிடந்து திரும்பி வந்தாள். "நான் பாத்த ஜப்பான் ஒரு அடுப்பும் ஒரு தொட்டிலுந்தான்" என்பாள். குற்றாலீஸ்வரன் அப்படியா? பிரசவ வீட்டில் ஆம்பிளைக்கு என்ன ஜோலி என்று ஊர் சுற்றக் கிளம்பியவர், வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன ஏதோ ஒரு மலையூருக்கு மருமகனோடு போய், அங்கே கடையொன்றில் மரப்பொம்மைகளைக் கண்டார். கடைக்காரர் ஜப்பானியில் ஐந்து நிமிஷம் பேசினார். மருமகன் அதைத் தமிழில் இரண்டு நிமிஷமாகச் சுருக்கினான். குற்றாலீஸ்வரன் அந்த இரண்டு நிமிஷத்தைத் தென்காசிக்குக் கொண்டுவந்து இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

பொம்மைக்குக் கொகேஷி என்று பெயர். கடைசல் எந்திரத்தில் கட்டையைச் சுழலவிட்டுக் கடைந்து எடுப்பது. உருண்டையாய் ஒரு தலை, கீழே உருளையாய் ஓர் உடம்பு, அவ்வளவுதான். கை கிடையாது, கால் கிடையாது. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் ஒரு முகம், ஒரு பூ, ஒரு கோடு என்று தகப்பன் போட்டதையே மகனும் போடுவான். இப்போது புதிதாகச் செய்கிறவர்கள் அப்படி இல்லை. அவரவர் மனசுக்குத் தோன்றியபடி மரத்தைக் கடைந்து, நிறம் கொடுத்து, சில சமயம் நிறமே கொடுக்காமல் மரத்தின் ரேகையையே சேலை மடிப்பாக விட்டு, அடியில் தூரிகையால் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். குற்றாலீஸ்வரன் வாங்கி வந்த கொகேஷிகளில் ஒன்று உண்மையிலேயே உசத்தி. செவ்வரி ஓடிய தவிட்டு நிற மரத்தில் உடம்பு, வெளிறிய மரத்தில் தலை. நெற்றியிலிருந்து சரிந்து விழும் கறுப்புத் தலைமுடி. கண்ணுக்கு இரண்டே கோடு, அதுவும் கீழ்நோக்கி. ரேகைகள் தோளிலிருந்து அடிவரைக்கும் தண்ணீர் போல இறங்கியிருக்கும். பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் பார்க்க யார் விட்டார்கள்?

வீட்டு முன்னறையில் கண்ணாடி ஷோகேஸ். அதில் ஏற்கெனவே குடியிருந்தது ஆனந்தவள்ளி கல்யாணச் சீராகக் கொண்டுவந்த மரப்பாச்சி ஜோடி. "லோக்கல் அயிட்டம்லாம் மேல போகட்டும்" என்று அதைப் பரணில் பழைய மெத்தைக்குப் பின்னால் ஏற்றிவிட்டு ஜப்பானைக் குடியமர்த்தினார். பூட்டுப் போட்டார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆனி, ஆடியில் விருந்தாளிக்குப் பஞ்சமில்லை என்பது நீங்கள் அறிந்ததுதான். குற்றாலத்தில் சாரல் விழுந்ததோ இல்லையோ, அதுவரை எங்கே இருந்தார்கள் என்றே தெரியாத சொந்தமெல்லாம் துண்டும் சோப்புமாக வந்து இறங்கும். குற்றாலீஸ்வரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உச்சந்தலையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, அருவியில் கூட்டம் சேருவதற்குள் போய்விட வேண்டும் என்று வாசலில் ஆட்டோவை நிறுத்திவைத்துவிட்டுச் செருப்பு மாட்டுகிறவர்களைத் தோளைத் தொட்டுத் திருப்பி, ஷோகேஸ் முன்னால் நிறுத்துவார்.

"அங்கன நில்லுங்க. கொஞ்சம் பின்னால. கண்ணாடியில மூச்சுப் படப்பிடாது. இப்பம் பாருங்க. சும்மா பொம்மைன்னு நினைச்சிராதீய. கை இல்ல, கால் இல்ல. ஏன்னு கேளுங்க."

கேட்கவைக்காமல் விடுவாரா? "ஏன்?" என்று வாய்திறந்து சொல்லும்வரை அடுத்த வரி வராது. எண்ணெய் காதோரமாக வழிந்து சட்டைக் காலரில் இறங்கும், வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பார், அருவிக்கரை ஆசையில் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே குதிக்கும், விருந்தாளி மெதுவாக, "ஏன்?" என்பார். அவ்வளவுதான், மடை திறந்துவிடும். மரம் வெட்டிய பருவம், காயவைத்த பக்குவம், கடைசல் உளியின் வளைவு, வெறுமையின் தத்துவம், கீழே பார்க்கும் அந்தக் கண்ணில் உள்ள தியானம். ஆமாம், தியானம். அந்தப் பொம்மை தியானத்தில் இருப்பதாக அவர் கட்சி. கடைசியில் ஷோகேஸைத் திறந்து, கைக்குட்டையால் பொம்மையைப் பிடித்து, தலைகீழாகத் திருப்பி, அடிப்பாகத்தைக் காட்டுவார்.

"பாத்தியளா? கையெழுத்து. இதுதான் இதுக்கு உசிரு. இது இல்லைன்னா வெறும் கட்டை. அடுப்பெரிக்கத்தான் ஆவும்."

இரண்டே சீசன்தான். சுந்தரபாண்டியபுரத்துச் சொந்தங்கள் நேரே குற்றாலத்தில் ரூம் போட ஆரம்பித்தார்கள். வீரகேரளம்புதூர்க்காரர்கள் போனிலேயே குசலம் விசாரித்து முடித்துக்கொண்டார்கள். திருவேங்கடத்திலிருந்து ஆனந்தவள்ளியின் தம்பி மாடன் மட்டும் அக்கா கைச் சாப்பாட்டுக்காக வருவான், அவனும் கொல்லைப்புற வழியாக வந்து, "அத்தான் இருக்காவளா?" என்று ரகசியமாகக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பான்.

இதெல்லாம் குற்றாலீஸ்வரனுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். போலீஸ் மூளை. தெரிந்துதான் இருந்தது, வலிக்கவும் செய்தது. தான் சொல்லச் சொல்லி 'ஏன்' என்றவர்கள் ஊரில் பாதிப் பேர். தானாக, மனசு வந்து, ஒரே ஓர் ஆள் 'ஏன்' என்று கேட்டதில்லை. அது ஒன்று நடந்துவிட்டால் போதும், இந்தப் பொம்மையை இவ்வளவு தூரம் சுமந்து வந்ததற்கு ஓர் அர்த்தம் உண்டு என்று அவர் மனசார நம்பினார். பாவம், ஆசை பெரிய ஆசை இல்லை.

அந்த நேரத்தில்தான் சேக் தாவூது வந்தார். துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். காலையில் ஐந்தருவி ரோட்டில் நடக்கிறவர்களையெல்லாம் சேர்த்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார். "சீசனை ஒட்டி குத்தாலத்துல ஒரு கலை மாலை நடத்துதோம் அண்ணாச்சி. ஒரு பாட்டு, ஒரு பேச்சு. பேச வேண்டியவரு கடைசி நேரத்துல வரலைன்னுட்டாரு. நீங்க அந்தப் பொம்மையைப் பத்திப் பேசுங்களேன்" என்றார். குற்றாலீஸ்வரனுக்குக் காதில் விழுந்தது "நீங்க பேசுங்களேன்" மட்டும்தான்.

தலைப்பு, 'நவீன ஜப்பானிய மரப்பொம்மைகளின் கலைநயம்'. ஒரு வாரமாக வீட்டில் வேறு பேச்சு இல்லை. குளியலறையிலிருந்து முன்னுரை கேட்கும். முடிவுரைக்குச் சாம்பார் ஆறும். பேச்சின் உச்சம் எது என்பதையும் தீர்மானித்துவிட்டார். எல்லாம் சொல்லி முடித்து, சபை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, பொம்மையைத் தலைகீழாகத் திருப்பி அந்தக் கையெழுத்தைக் காட்டுவது. அதைப் பார்த்த பிறகு எவனுக்குத்தான் கேள்வி வராமல் இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாயங்காலம் பேச்சு. மத்தியானமே ஷோகேஸைத் திறந்து, பொம்மையை எடுத்து, ஆனந்தவள்ளியின் பட்டுத்துண்டில் சுற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, தலைக்குச் சாயம் போட முடிதிருத்தும் கடைக்குப் போனார். இரண்டு வருஷத்தில் அந்தப் பொம்மை பூட்டுக்கு வெளியே தனியாக இருந்தது அன்றைக்குத்தான்.

அவர் தலை அங்கே கறுத்துக்கொண்டிருக்கும்போது, இங்கே பக்கத்து வீட்டு ஹஸீபா அலறிப் புடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் புருஷன் குவைத்தில். இடுப்பில் ஒன்றரை வயது மிஸ்ரியா, ஒரு கன்னம் பந்து மாதிரி வீங்கி, வீறிட்டுக்கொண்டிருந்தது.

"யக்கா, பிள்ளையக் குளவி கொட்டிட்டுக்கா! டாக்டர் அஞ்சு மணிக்குத்தான் வருவாராம்!"

ஆனந்தவள்ளி பிள்ளையை வாங்கினாள். கொடுக்கு இல்லை, நல்லவேளை. நம் பக்கத்தில் பிள்ளைக்கு வீக்கம் என்றால் முதலில் தேடுவது என்ன? மரப்பாச்சி. கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, அதன் அடியை உரசி, வரும் விழுதைப் பற்றுப் போட்டால் வீக்கம் வற்றிவிடும் என்று காலங்காலமாக நம்பிக்கை. அந்த மரப்பாச்சி இருந்தது பரணில், பழைய மெத்தைக்குப் பின்னால். ஏற ஏணி இல்லை; இருந்தாலும் ஆனந்தவள்ளியின் மூட்டு ஏறவிடாது. பிள்ளை வீறிடுகிறது. தாய்க்காரி கூடச் சேர்ந்து அழுகிறாள். மேஜைமேல் பட்டுத்துண்டில் சுற்றிக்கொண்டு, மரப்பாச்சியின் செம்மரம் மாதிரியே ஒரு நிறத்தில், கையில் எடுக்க வாகாக, ஜப்பான் உட்கார்ந்திருக்கிறது.

அடியில்தான் பாலிஷ் கிடையாது, வெறும் மரம். ஆனந்தவள்ளி ஒரு நொடி யோசித்தாள். ஒரு நொடிதான். "மரம் மரந்தான?" என்றாள். சந்தனக் கல்லில் தண்ணீரைத் தெளித்தாள், பொம்மையைப் பிடித்தாள், வட்டம் வட்டமாக உரசினாள். பற்றுப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழுகையை நிறுத்தியது. வீக்கமும் மெல்ல இறங்கியது. அது தானாகவே இறங்கியிருக்கும் என்று ஒரு டாக்டர் சொல்லுவார். அதை அந்தத் தெருவில் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பிள்ளை தூங்கின பிறகுதான் ஆனந்தவள்ளி பொம்மையைத் திருப்பிப் பார்த்தாள். கையெழுத்து இருந்த இடம் சுத்தமாக வெளுத்துக் கிடந்தது. பழையபடி பட்டுத்துண்டில் சுற்றி மேஜைமேல் வைத்தாள்.

மறைக்க நினைக்கவில்லை அவள், அதை மட்டும் நம்புங்கள். குற்றாலீஸ்வரன் கருகருவென்ற தலையோடு வந்து நுழைந்ததுமே, "இந்தாங்க, ஒரு விசயம்" என்று ஆரம்பித்தாள். "பேச்சுக்கு நடுவுல குறுக்க பேசாத" என்றார் அவர்; கண்ணாடிக்கு முன்னால் முன்னுரை ஓடிக்கொண்டிருந்தது. காப்பி கொடுக்கும்போது, "அந்தப் பொம்மை இருக்குல்லா" என்றாள். "அதைத்தான பேசப் போறேன்!" என்றார். சட்டைக்கு இஸ்திரி போடும்போது ஒருமுறை. ஆட்டோவில் ஏறும்போது ஒருமுறை. அப்போது குற்றாலீஸ்வரன் கையைத் தூக்கி, சபைக்குச் சொல்லுகிற தோரணையிலேயே அருளினார்:

"கேள்வியெல்லாம் கடைசியில."

ஆனந்தவள்ளி வாயை மூடிக்கொண்டாள். வழியெல்லாம் சாரல் முகத்தில் அடித்தது. அவளுக்கு மட்டும் வேர்த்தது.

மண்டபத்தில் நல்ல கூட்டம். கலையின்மேல் காதல் என்று சொல்ல ஆசைதான். அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள், மழைக்கு ஒதுங்க இடம் இல்லை, உள்ளே சுக்குக் காப்பி வேறு கொடுத்தார்கள். முதல் வரிசையில் மாடன். அக்கா கட்டாயப்படுத்திக் கூட்டி வந்திருந்தாள். மூன்றாவது வரிசையில் ஆனந்தவள்ளி, பக்கத்தில் ஹஸீபா, மடியில் கன்னத்தில் காய்ந்த பற்றோடு மிஸ்ரியா.

குற்றாலீஸ்வரன் பேசினார். பேசினார் என்றால், விட்டு விளாசினார். பருவத்தைச் சொன்னார், பக்குவத்தைச் சொன்னார், உளியின் வளைவைக் காற்றில் போட்டுக் காட்டினார். "ஜப்பான்லயும் குளிக்கப் போற ஊர்லதான் இந்தப் பொம்மை பொறந்துச்சு. ஏன்னு கேளுங்க" என்றார். மாடன் மட்டும் பழக்க தோஷத்தில் "ஏன்?" என்றான். மற்றவர்கள் காப்பியை ஊதினார்கள். ஒருத்தர் தூங்கினார். சேக் தாவூது கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் சிரிப்பதுமாக இருந்தார். குற்றாலீஸ்வரன் தளரவில்லை. இருக்கிறதே, உச்சம் இருக்கிறதே!

"இவ்வளவும் எதுக்குச் சொல்லுதேன்? எல்லாம் இதுக்குத்தான்" என்று குரலைத் தாழ்த்தினார். பட்டுத்துண்டை விலக்கினார். கைக்குட்டையால் பிடித்தார். சபையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பொம்மையைத் தலைகீழாகத் திருப்பி, அடியைக் கூட்டத்துக்கு நேரே நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.

"இதோ... கையெழுத்து! இதுதான் இதுக்கு உசிரு!"

மௌனம். குற்றாலீஸ்வரனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சபை சொக்கிப்போய்விட்டது என்று நினைத்தார்.

"அத்தான்," என்றான் மாடன், "ஒண்ணையும் காணுமே."

கண்ணைத் திறந்தார். பொம்மையைத் தம் பக்கம் திருப்பினார். வெளுத்த மரம். வட்டம் வட்டமாக உரசல். ஓரத்தில் ஈரம் காய்ந்த விழுது. இரண்டு வருஷமாக ஊருக்கே சொன்ன வார்த்தை அவர் காதில் விழுந்தது: இது இல்லைன்னா வெறும் கட்டை. தூங்கினவர்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் விளக்கவுரையார் என்பவர் லேசுப்பட்டவரா? தலை போனாலும் வாய் வேலை செய்யும். குற்றாலீஸ்வரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, தாம் என்ன சொல்லப் போகிறோம் என்று தமக்கே தெரியாமல் முழங்கினார்:

"கையெழுத்து இல்லை! ஏன்னு கேளுங்க!"

"நான் சொல்லுதேன்" என்றது மூன்றாவது வரிசை.

ஆனந்தவள்ளி எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"மத்தியானம் இந்தப் பச்சப்பிள்ளையக் குளவி கொட்டிட்டு. என் மரப்பாச்சி பரண்ல கிடக்கு, ஏற முடியல. இதத்தான் எடுத்து ஒரசிப் பத்துப் போட்டேன். நாலு தடவை உங்ககிட்டச் சொல்ல வந்தேன். கேள்வியெல்லாம் கடைசியிலன்னுட்டிய. இப்பம் கடைசிதான?"

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. மாடன் சிரித்த சிரிப்பில் நாற்காலி சாய்ந்தது. மேடையில் குற்றாலீஸ்வரன் கட்டையோடு கட்டையாக நின்றார்.

சிரிப்புக்கு நடுவிலேயே பின்னாலிருந்து ஓர் அம்மாள் கத்தினாள்: "வீக்கம் வத்திட்டா?"

ஹஸீபா பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். "நல்லா வத்திட்டு! பாருங்க!"

அவ்வளவுதான். அதுவரை காப்பியை ஊதிக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் மேடைக்குக் கிளம்பிவிட்டது. "எங்க, காட்டுங்க." "இது என்ன மரம் அண்ணாச்சி?" "மூட்டு வலிக்குக் கேக்குமா?" குற்றாலீஸ்வரன் "தொட்டுராதீய" என்று சொல்லி முடிப்பதற்குள் பொம்மை அவர் கையில் இல்லை. ஒருத்தர் முகர்ந்து பார்த்தார். ஒருத்தி கன்னத்தில் வைத்துப் பார்த்து, "வழுவழுன்னு என்ன சொகமா இருக்குட்டி" என்றாள். ரேகையை விரலால் தடவி, "இத வரைஞ்சானா, மரத்துலயே இருந்திச்சா?" என்றார் இன்னொருவர். "மரத்துலயே! மரத்துலயே உள்ளது!" என்று குற்றாலீஸ்வரன் கூட்டத்துக்கு வெளியிலிருந்து எம்பி எம்பிப் பதில் சொன்னார். யார் கேட்டார்கள், யாருக்குப் பதில் என்பது போகட்டும். கேட்டார்களா இல்லையா? தானாகக் கேட்டார்கள்! அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பொம்மை கை மாறிக் கை மாறி ஹஸீபாவிடம் வந்தது. மிஸ்ரியா எட்டிப் பிடித்தது. பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை கிடைத்தால் என்ன செய்யும்? உடம்பை ஒரு கையிலும் தலையை ஒரு கையிலும் பிடித்து, ஒரே திருகு.

"ஐயையோ, ஒடச்சிட்டா!"

கீச்.

உடையவில்லை. தலை திரும்பியது. திரும்பும்போது, கழுத்துக்குள்ளிருந்து, குருவிக்குஞ்சு மாதிரி ஒரு சத்தம். மிஸ்ரியா சிரித்தது. மறுபடியும் திருகியது. கீச். வீங்கின கன்னம், வீங்காத கன்னம் இரண்டும் சேர்ந்து சிரித்தன. மண்டபமே சிரித்தது.

சேக் தாவூது இப்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதிசயத்தில் வாய் பிளந்து, குற்றாலீஸ்வரனின் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டார்: "ஏன் அண்ணாச்சி சத்தம் போடுது?"

இந்த 'ஏன்' ஒன்றுக்காகத்தான் அந்த மனுஷர் இரண்டு வருஷம் காத்துக் கிடந்தார். எண்ணெய்த் தலைகளை நிறுத்திவைத்துக் கெஞ்சிக் கேட்டு வாங்கியது இதைத்தான். இதோ, இலவசமாக, ஆசையாக, ஊர் முன்னால் வந்துவிட்டது. குற்றாலீஸ்வரன் வாயைத் திறந்தார். பருவம் வரவில்லை, பக்குவம் வரவில்லை, தத்துவமும் வரவில்லை. கைக்குட்டையால் தூக்கிக் கைக்குட்டையால் வைத்த பொம்மை. அதன் தலை திரும்பும் என்றே அவருக்குத் தெரியாது.

"தெரியலியே" என்றார்.

சர்வீஸ் முழுக்க எதிராளிகளிடம் கேட்டுக் கேட்டுச் சலித்த சொல், தம் வாயிலிருந்து வந்தபோது அவருக்கே விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். கையை நீட்டினார். "தாயி, ஒரு தடவை குடு" என்று பிள்ளையிடம் கேட்டு வாங்கி, கைக்குட்டை இல்லாமல், வெறும் கையால் திருகினார். கீச். இன்னொரு தடவை திருகினார். பிள்ளை அழ ஆரம்பித்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்.

கூட்டம் கலைந்தபோது மழை விட்டிருந்தது. மண்டபப் படியில் ஆட்டோவுக்காக இருவரும் நின்றார்கள். பொம்மை ஆனந்தவள்ளியின் மடித்த கையில் இருந்தது. திட்டு விழும் என்று எதிர்பார்த்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். குற்றாலீஸ்வரன் பொம்மையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். அதுவே புதுசு.

"ஏளா," என்றார். "கையில வச்சு ஒரசினியே. உனக்கு அது எப்படித் தோணிச்சு?"

"என்னத்தச் சொல்ல?"

"இல்ல, சும்மா சொல்லு. நான் தியானம்னு சொல்லுதேன்லா. உனக்கு?"

ஆனந்தவள்ளி பொம்மையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "தியானமும் இல்ல, கியானமும் இல்ல. தலைக்கு ஊத்திட்டு நிக்கா. முடியெல்லாம் நெத்தியில ஒட்டிக் கிடக்கு பாருங்க. மேலெல்லாம் தண்ணி வடியுது. கீழ பாக்கா. கீழ பிள்ளை கிடக்கு."

"பிள்ளையா?"

"நம்ம அபர்ணாதான் இது. பிள்ளை பெத்து மொதத் தண்ணி ஊத்தின அன்னைக்கி இப்படித்தான் தொட்டில் பக்கத்துல வந்து நின்னா. துவட்டக்கூட விடல. 'அப்பாவ எங்கம்மா, அப்பா இன்னும் பிள்ளைய மடியில வைக்கவே இல்லியே'ன்னு கேட்டா. நீங்க அன்னைக்கித்தான் பொம்மை பாக்கப் போயிருந்திய."

குற்றாலீஸ்வரன் வாயைத் திறந்தார். விளக்கம் ஏதோ வந்தது. அதை அப்படியே முழுங்கினார். ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது, அவர் ஏறவில்லை.

"மேல சொல்லு" என்றார்.

இத்தோடு அவர் திருந்திவிட்டார் என்று நான் சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? மறுநாள் காலையிலேயே பால்காரரை நிறுத்தி, "தலையைத் திருகினா கீச்சுங்கும். ஏன்னு கேளுங்க" என்று ஆரம்பித்துவிட்டார். இந்த இனம் அப்படியெல்லாம் அழிந்துபோகிற இனம் இல்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வீட்டில் இருப்பவரைக் கூப்பிட்டு, "இங்க வா, ஒரு ஆளைப் பத்திப் படிச்சேன், கேளேன்" என்று நீங்கள் தொடங்கத்தான் போகிறீர்கள். கை கால் இல்லாததை, உரசினதை, கீச்சென்றதை எல்லாம் விவரமாக, நடுவில் நிறுத்தாமல், ரசித்து ரசித்துச் சொல்லப் போகிறீர்கள். சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அவர் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து அவர் உங்களிடம் ஏதோ சொல்ல வந்துகொண்டிருக்கிறார்.